ஈரம் வற்றவில்லை, வாய்க்கால் தூர்ந்திருக்கிறது

இரக்கத்துக்குத் தமிழில் உள்ள பழைய பெயர்களில் ஒன்று ‘ஈரம்’. வள்ளுவர் ‘இனியவை கூறல்’ அதிகாரத்தில் அன்பைக் குறிக்க இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். பேச்சு வழக்கில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. அடிபட்டுக் கிடப்பவரைத் தாண்டிப் போகிறவரைப் பார்த்து ‘நெஞ்சுல ஈரமே இல்லையா?’ என்று கேட்கிறோம். செய்தித்தாளைப் புரட்டிவிட்டு ‘காலம் கெட்டுப்போச்சு, மனுஷனுக்கு ஈரமே வத்திப்போச்சு’ என்று பெருமூச்சு விடுகிறோம். இந்தப் பேச்சுக்குள் ஒரு கோட்பாடு இருக்கிறது. உதவுவதும் உதவாததும் நெஞ்சின் இருப்பைப் பொறுத்தவை. இருப்பு உள்ளவர் நிற்பார், இல்லாதவர் நடந்துவிடுவார் என்பதே அது. அந்தக் கோட்பாடு சரியென்றால், மக்களிடம் பரிவை வளர்க்க அறிவுரையைத் தவிர வேறு வழியில்லை. அதைத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறோம்: பள்ளியில் நீதிபோதனை, மேடையில் சொற்பொழிவு, காலையில் கைப்பேசிக்கு வந்து சேரும் பொன்மொழி. ஆனால், கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட உளவியல் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. ஊற்று பெரும்பாலோரிடம் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. ஊற்றுக்கும் வயலுக்கும் நடுவே உள்ள வாய்க்கால்தான் தூர்ந்து கிடக்கிறது. அவசரம், கூட்டம், தப்புக்கணக்கு, பயம் என்று நான்கு வகை வண்டல் அதில் படிந்திருக்கிறது. அன்றாட வாழ்வில் அன்பை வளர்ப்பது என்றால், முதன்மையாக அந்த வண்டலை அள்ளுவதுதான்.

ஊற்று இருப்பதற்கு என்ன சான்று? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தைகள் 24 பேர். அவர்கள் முன்னால், முன்பின் தெரியாத ஒருவர் கொடியில் துணி காயப்போடுகிறார். கிளிப் கைதவறிக் கீழே விழுகிறது. குனிந்து கை நீட்டுகிறார், எட்டவில்லை. குழந்தை ஒரு கணம் பார்க்கிறது. தத்தித் தத்தி வந்து கிளிப்பைப் பொறுக்கி அவர் கையில் கொடுக்கிறது. இன்னொரு முறை அவர் கை நிறையப் பத்திரிகைகளோடு வந்து, மூடிய அலமாரியில் முட்டிக்கொண்டு நிற்கிறார். குழந்தை போய்க் கதவைத் திறந்துவிடுகிறது. நன்றியும் இல்லை, மிட்டாயும் இல்லை. ஆனாலும் 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு முறையாவது உதவினார்கள். அதே ஆள் கிளிப்பை வேண்டுமென்றே கீழே எறிந்தபோது எடுத்துக் கொடுக்க வந்த குழந்தைகள் குறைவு. அதாவது, பொருளை எடுத்துக் கொடுக்கும் விளையாட்டு ஆசையால் மட்டும் அவை வரவில்லை. எதிரே இருப்பவருக்கு ஒரு தேவை இருக்கிறது என்று புரிந்தே வந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். உதவியதற்குப் பரிசுப் பொருள் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பரிசு நின்ற பிறகு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. தானாகச் சுரந்ததற்கு விலை வைத்தால் சுரப்பு குறைகிறது.

குழந்தைப் பருவம் போனதும் ஊற்று வற்றிவிடுகிறதா? அலென் கோன் தலைமையிலான பொருளியலாளர்கள் 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். வங்கி, தபால் நிலையம், தங்கும் விடுதி, காவல் நிலையம் போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில் ஒருவர் வந்து, ‘இது வெளியே கிடந்தது’ என்று ஒரு பர்ஸைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே உரிமையாளரின் பெயர், மின்னஞ்சல் முகவரி, ஒரு சாவி, ஒரு மளிகைச் சீட்டு. சிலவற்றில் பணமும் இருக்கும். பணம் இருந்தால் திருப்பித் தருவோர் குறைவார்கள் என்றே பொதுமக்கள் கணித்தார்கள். பொருளியல் அறிஞர்களும் கூடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நடந்தது நேரெதிர். பணம் இல்லாத பர்ஸ்களில் சுமார் 40 சதவீதத்துக்கு உரிமையாளரைத் தொடர்புகொள்ளும் முயற்சி நடந்தது. பணம் இருந்தவற்றுக்கு அது 51 சதவீதமாக உயர்ந்தது. அமெரிக்கா, பிரிட்டன், போலந்து ஆகிய மூன்று நாடுகளில் தொகையைப் பல மடங்கு கூட்டிப் பார்த்தபோது அது 72 சதவீதத்தை எட்டியது. பர்ஸைப் பறிகொடுத்தவருக்குத் தவிப்பு எவ்வளவு அதிகமோ, திருப்பித் தரும் உந்துதலும் அவ்வளவு அதிகம். மக்கள் கெட்டுப்போனார்கள் என்ற நம் பெருமூச்சைவிட மக்கள் நல்லவர்கள்.

அப்படியென்றால் தெருவில் விழுந்து கிடப்பவரைத் தாண்டிப் போகிறவர்கள் யார்? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் நடத்திய ஆய்வு 1973-ல் வெளிவந்தது. பங்கேற்றவர்கள் 40 பேர். பாதிரியார் ஆகப் படிப்பவர்கள். ஒரு கட்டடத்தில் படிவம் நிரப்பிவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு வேலைவாய்ப்பு. மீதிப் பேருக்குத் தலைப்பு, விவிலியத்தில் வரும் நல்ல சமாரியன் உவமை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பெரியவர்கள் விலகிப் போக, அந்நியன் ஒருவன் நின்று காப்பாற்றிய அதே கதை. கிளம்பும்போது சிலரிடம் ‘நேரமாகிவிட்டது, அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்’ என்று சொன்னார்கள். சிலரிடம் ‘இப்போது போனால் சரியாக இருக்கும்’ என்றார்கள். இன்னும் சிலரிடம் ‘அவர்கள் தயாராகச் சில நிமிடம் ஆகும், இருந்தாலும் கிளம்புங்கள்’ என்றார்கள். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு சந்து. அங்கே வாசற்படியில் ஒருவர் தலை தொங்க, கண் மூடிச் சுருண்டு கிடக்கிறார். மாணவர் நெருங்கும்போது இரண்டு முறை இருமி முனகுகிறார்.

அவகாசம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். நடுத்தர அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவீதம். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். உரையின் தலைப்பு குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போன சிலர், விழுந்து கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள். இதைப் போலித்தனம் என்று தள்ளிவிட்டால் ஆய்வின் முக்கியமான பகுதியைத் தவறவிடுவோம். நிற்காமல் போனவர்களில் பலர் அடுத்த கட்டடத்துக்குள் நுழைந்தபோது பதற்றமாகவும் கலங்கியும் இருந்தார்கள் என்று ஆய்வாளர்களே எழுதுகிறார்கள். அவர்களுக்கு நெஞ்சு உறைந்துவிடவில்லை. ஒருபுறம் காத்திருக்கும் மனிதருக்குக் கொடுத்த வாக்கு, மறுபுறம் முனகும் மனிதர்; நடுவே அவசரம் கண்ணைக் கட்டி இழுத்துப் போயிருக்கிறது. வேகமாகப் போகிறவரின் பார்வை போகும் இடத்தின் மேலேயே குவிகிறது. ஓரத்தில் இருப்பது கண்ணில் பட்டாலும் மனதில் பதிவதில்லை. அந்த 40 பேரும் ஒரே கல்லூரியைச் சேர்ந்தவர்கள், ஒரே வேதத்தைப் படிப்பவர்கள். அவர்களிடையே இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது சில நிமிட நேரம். முதல் வண்டல் இந்த அவசரம்.

இரண்டாவது வண்டல் கூட்டம். இதே டார்லி, பிப் லட்டனே என்பவரோடு சேர்ந்து 1968-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தனித்தனி அறைகளில் இருந்து இன்டர்காம் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு குரல் தடுமாறி, வலிப்பு வருவதாகச் சொல்லித் திணறியது. அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்கும் முன்பே உதவி தேடி வெளியே ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படி ஓடியவர்கள் 31 சதவீதம்தான். ஓடாதவர்களின் அறைக்குள் ஆய்வாளர் சென்றபோது கண்ட காட்சி முக்கியமானது. பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. ‘அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ என்று அவர்களே கேட்டார்கள். ஈரம் இங்கேயும் இருந்தது. ‘வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்ற எண்ணம் அதைச் செயலாக விடாமல் தடுத்தது. கூட்டம் கூடினால் பொறுப்பு பங்குபோடப்பட்டு, ஒவ்வொருவர் பங்குக்கும் சிறிதளவே மிஞ்சுகிறது.

இதை வைத்து நகரவாசிகள் கல்நெஞ்சக்காரர்கள் என்று முடிவுகட்டுவது தவறு. லங்காஸ்டர், ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களில் பொது இடச் சண்டைகளைப் பதிவு செய்த 219 கண்காணிப்புக் கேமரா காட்சிகளை ரிச்சர்ட் பில்பாட் குழுவினர் ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது சம்பவங்களில் பக்கத்தில் இருந்த ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆட்கள் கூடக் கூட, யாரேனும் ஒருவர் தலையிடும் வாய்ப்பும் கூடியது. முந்தைய ஆய்வோடு இது முரண்படுவதுபோல் தோன்றலாம். ஆனால், ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுந்து வரும் வாய்ப்பு குறைந்தாலும், இருபது பேர் இருக்கும் இடத்தில் யாரோ ஒருவர் முன்வரும் வாய்ப்பு கூடலாம். தவிர, கண்ணெதிரே நடக்கும் கைகலப்பில் என்ன நடக்கிறது என்ற குழப்பம் இல்லை. அறைக்குள் கேட்கும் திணறல் குரலில் அது உண்டு. நகரத்தின் அளவு மட்டுமே தலைவிதி இல்லை என்பதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. ராபர்ட் லெவின் குழுவினர் 23 நாடுகளின் பெருநகரங்களில் கீழே விழுந்த பேனா, காலில் கட்டோடு பத்திரிகைகளைத் தவறவிட்டவர், சாலை கடக்க நிற்கும் பார்வையற்றவர் என மூன்று சோதனைகளை நடத்தி, 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரியோ டி ஜெனிரோ முதலிடத்தில் வந்தது. நெரிசலுக்குப் பேர்போன கொல்கத்தா முன்வரிசையில் நின்றது. நியூயார்க்கும் கோலாலம்பூரும் கடைசியில் இருந்தன.

மூன்றாவது வண்டல், பலரும் கவனிக்காதது. செய்யப்போகும் உதவி எவ்வளவு பெரிதாகப் போய்ச் சேரும் என்பதில் நாம் தப்புக்கணக்குப் போடுகிறோம். அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி இருவரும் சிகாகோவின் மேகி டேலி பூங்காவில் குளிர்நாட்களில் இதைச் சோதித்தார்கள். பனிச்சறுக்குத் தளத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு கோப்பை சூடான சாக்லேட் பானம் தருவார்கள். அதைத் தாமே வைத்துக்கொள்ளலாம், அல்லது அங்குள்ள யாருக்காவது கொடுக்கச் சொல்லலாம். கொடுக்க முடிவு செய்தவர்கள், பெறுபவர் எவ்வளவு மகிழ்வார் என்று கணித்தார்கள். பெற்றவர்கள் தம் மகிழ்ச்சியைத் தாமே மதிப்பிட்டார்கள். பெற்றவர்களின் மகிழ்ச்சி கணிப்பைவிட அதிகமாக இருந்தது. கொடுத்தவருடைய கண்ணில் பட்டது ஒரு பானம், அதன் விலை. பெற்றவருடைய மனதில் பட்டது, முகம் தெரியாத ஒருவர் தன்னை நினைத்திருக்கிறார் என்பது. ‘இந்தச் சின்ன விஷயத்தை எதற்குப் போய்ச் சொல்லிக்கொண்டு’ என்று நன்றிக் கடிதத்தை எழுதாமல் விடுகிறோம். ‘அவருக்கு ஏதோ கஷ்டம், கேட்டால் சங்கடப்படுவாரோ’ என்று தொலைபேசியைத் திரும்ப வைத்துவிடுகிறோம். இந்தத் தயக்கங்களின் அடியில் இருப்பது அதே தப்புக்கணக்குதான். எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் 2008-ல் காட்டிய இன்னொரு பிழையும் இதோடு சேரும். ஐந்து டாலரோ இருபது டாலரோ கையில் கொடுத்து மாலைக்குள் செலவழிக்கச் சொன்னபோது, பிறருக்காகச் செலவழித்தவர்களே தமக்காகச் செலவழித்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். ஆனால், எது அதிக மகிழ்ச்சி தரும் என்று மற்றவர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் தமக்குச் செலவழிப்பதையே சொன்னார்கள்.

நான்காவது வண்டல் பயம். இது நம் நாட்டில் உயிர்களைக் கொண்டுபோகிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்து நடந்த இடத்தில் முதலில் இருப்பவர் மருத்துவரோ காவலரோ அல்லர், வழிப்போக்கர்தான். அவர் ஏன் ஒதுங்கி நிற்கிறார்? சேவ்லைஃப் அறக்கட்டளை 2013-ல் நடத்திய ஆய்வில் 74 சதவீதம் பேர், அடிபட்டவருக்குத் தாம் உதவ வாய்ப்பு குறைவு என்றார்கள். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம், போலீஸ் தொந்தரவும் கோர்ட்டுக்கு அலைய வேண்டிய நிலையும். ‘நமக்கு எதுக்குப்பா வம்பு’ என்ற வாக்கியத்தை ஈரமின்மையின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம். அனுபவத்தில் கற்ற எச்சரிக்கை அதில் இருந்ததைக் கவனிக்கவில்லை. அந்த அறக்கட்டளை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று, உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்பது இன்று சட்டம். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இன்னொரு பயத்தையும் நீக்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்பதால், மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ‘பணம் யார் கட்டுவது’ என்ற கேள்விக்கு நடுங்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் சேர்க்கிறவருக்கு ஒன்றிய அரசு 2021-ல் 5,000 ரூபாய் வெகுமதியும் அறிவித்தது. வெகுமதியை மதிக்கலாம். ஆனால், மேலே பார்த்த குழந்தைகளின் கதையை நினைத்தால், பயத்தை அகற்றுவதுதான் பெரிய வேலை என்று தோன்றுகிறது. அந்த வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. தனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று தெரியாத வழிப்போக்கரைச் சட்டம் நிற்கவைக்காது.

வண்டல் எது என்று தெரிந்தால் அதை அள்ளும் வழியும் தெரியும். ‘இனி நல்லவனாக இருப்பேன்’ என்ற பொத்தாம்பொதுவான உறுதி பெரும்பாலும் மறுவாரமே மறந்துபோகிறது. அதைவிட, ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்று சூழலையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது பலன் தருகிறது. இதை முன்வைத்தவர் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். அவரும் பஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, இப்படித் திட்டமிடுவோர் தாம் எண்ணியதைச் செய்து முடிப்பது கணிசமாக அதிகம் என்று காட்டினார்கள். பேருந்தில் கைக்குழந்தையோடு ஒருவர் ஏறினால், யார் எழுந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் எழுந்துவிடுவேன். கடைசி வீட்டுப் பாட்டியின் வாசலில் இரண்டு நாள் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்தால் கதவைத் தட்டுவேன். சாலையில் யாராவது விழுந்து கிடந்தால் முதலில் 108-ஐ அழைப்பேன். தீர்மானத்தை அந்த நெருக்கடியிலேயே எடுக்க வேண்டியிருந்தால் அவசரமும் கூட்டமும் குறுக்கே வரும். முன்னதாகவே எடுத்து வைத்திருந்தால் கை தானாக நகரும். கூட்டத்தின் நடுவே உதவி தேவைப்படுகிறவருக்கும் இதே அறிவு ஆயுதமாகும். ‘யாராவது வாங்களேன்’ என்று பொதுவாகக் கூவினால் பொறுப்பு சிதறுகிறது. ‘நீலச் சட்டை போட்ட தம்பி, நீங்க 108-க்குப் போன் பண்ணுங்க, அக்கா, நீங்க இவர் தலையைப் பிடிச்சுக்குங்க’ என்று ஆளைக் காட்டிச் சொன்னால் சிதறிய பொறுப்பு திரும்பவும் ஒருவர் கைக்கு வந்து சேர்கிறது.

பழக்கமாகும்வரை பொறுமை வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 2010-ல் காட்டியபடி, ஒரு சிறு செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை நீண்டது. அவர்கள் கவனித்தவை தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற செயல்கள். முகம் பார்த்துப் பேசுவதும் செயல்தான் என்பதால் அங்கும் காலம் பிடிக்கும் என்று எதிர்பார்க்கலாம். கனடாவின் வான்கூவரில் 9 முதல் 11 வயது வரையுள்ள நானூறுக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நற்செயல் செய்யச் சொன்னார்கள். ஒப்பீட்டுக்காக மீதிப் பிள்ளைகளை மூன்று இடங்களுக்குப் போய்வரச் சொன்னார்கள். இரு குழுவுக்கும் மனம் மலர்ந்தது. ஆனால், நற்செயல் செய்த பிள்ளைகளைத்தான் வகுப்பில் உடன் படிப்பவர்கள் கூடுதலாக ஏற்றுக்கொண்டார்கள். நீதிக்கதையைச் சொல்லி ‘இதிலிருந்து நீ தெரிந்துகொண்டது என்ன?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘இந்த வாரம் யாருக்கு என்ன செய்தாய்?’ என்றும் கேட்கும் வகுப்பறைக்கு இது வலுவான ஆதாரம்.

இதற்கெல்லாம் எதிராக நியாயமான கேள்விகள் உண்டு. முதலாவது, இந்த ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்பது. உளவியலில் புகழ்பெற்ற முடிவுகள் சில மறுசோதனையில் நிற்கவில்லை. பொதுத் தொலைபேசியில் பத்து சென்ட் நாணயம் கிடைத்தவர், கீழே சிதறிய காகிதங்களைப் பொறுக்க உதவுவார் என்று 1972-ல் வந்த முடிவு அப்படித்தான். பின்னர் அதைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. பிரின்ஸ்டன் ஆய்வும் வெறும் 40 பேரை வைத்து நடந்தது. அந்த 63, 10 என்ற எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நற்செயல் செய்தவரின் மகிழ்ச்சியைப் பற்றிய 27 சோதனைகளை ஆலிவர் ஸ்காட் கர்ரி குழுவினர் 2018-ல் தொகுத்தபோது, விளைவு உண்மையானது, ஆனால் மிதமானது என்றே கண்டார்கள். ஆகவே, அன்பு ஆயுளை இத்தனை ஆண்டு கூட்டும், ஒரே ஹார்மோன் எல்லாவற்றையும் செய்யும் என்று உரக்கச் சொல்லும் பேச்சுகளை ஒதுக்கிவிடுவது நல்லது. இந்தக் கட்டுரையின் வாதம் எந்த ஒரு சோதனையையும் தனியாகச் சார்ந்து நிற்கவில்லை. குழந்தைகள், பர்ஸ்கள், வலிப்புக் குரல், கேமரா காட்சிகள், நெடுஞ்சாலைப் பயம் என்று வெவ்வேறு திசைகளிலிருந்து வரும் தடயங்கள் ஒரே இடத்தில் சந்திப்பதுதான் அதன் பலம்.

இரண்டாவது கேள்வி பழையது: உதவினால் மகிழ்ச்சி வருகிறது என்றால், உதவியும் ஒரு சுயநலம்தானே? ஒரு செயலின் விளைவாக மகிழ்ச்சி வருவதும், மகிழ்ச்சிக்காகவே அந்தச் செயலைச் செய்வதும் ஒன்றல்ல. பசித்த பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கும் தாயின் முகம் மலர்கிறது. முகம் மலரவேண்டும் என்று அவள் சோறு ஊட்டவில்லை. ஆரெகன் பல்கலைக்கழகத்தில் 2007-ல் நடந்த மூளைப் படப் பரிசோதனையில், தம் கணக்கிலிருந்து பணம் வரிபோல் கட்டாயமாக எடுக்கப்பட்டு உணவு வங்கிக்குப் போனபோதுகூடப் பங்கேற்றவர்களின் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள பகுதிகள் கிளர்ந்தன. அங்கே புகழும் இல்லை, ‘நான் கொடுத்தேன்’ என்ற பெருமையும் இல்லை. இன்னொருவருக்குச் சோறு போகிறது என்பது மட்டுமே இருந்தது. பிறர் நலத்தில் மகிழும்படி ஒரு மனம் அமைந்திருந்தால், அந்த மனத்தைத்தானே நாம் நல்ல மனம் என்கிறோம்? இதோடு சேர்ந்த ஐயம், பயிற்சியால் வரும் அன்பு நடிப்பு இல்லையா என்பது. சாதகம் செய்து வந்த குரலை நாம் போலிக் குரல் என்று சொல்வதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹெலன் வெங், ரிச்சர்ட் டேவிட்சன் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு அரை மணி வீதம் இரண்டு வாரம், அன்புக்குரியவர், தான், அந்நியர், பிடிக்காதவர் என்று வரிசையாக நினைத்து அவர்கள் துன்பம் நீங்க விரும்பும் பயிற்சி செய்தவர்கள், அநியாயமாக நடத்தப்பட்ட முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தம் சொந்தப் பணத்தைக் கூடுதலாக விட்டுக்கொடுத்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால், விட்டுக்கொடுத்தது உண்மைப் பணம்.

மூன்றாவது கேள்வி செவிலியர்களும் ஆசிரியர்களும் முதியோரைப் பராமரிப்பவர்களும் கேட்பது: ஊற்றை இறைத்துக்கொண்டே இருந்தால் நாங்கள் வறண்டுபோக மாட்டோமா? தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோரின் ஆய்வுகள் இங்கே கை கொடுக்கின்றன. பிறர் வலியைத் தன் வலியாக வாங்கிக்கொள்ளப் பயிற்றுவித்தபோது பங்கேற்றவர்களின் மன உளைச்சல் கூடியது. அதே ஆட்களுக்கு, வலிப்பவர் நலம் பெறவேண்டும் என்று விரும்பும் பரிவுப் பயிற்சி கொடுத்தபோது மனம் திரும்பவும் தெளிந்தது. அழுகிறவரோடு சேர்ந்து மூழ்குவது வேறு, கரையில் கால் ஊன்றிக் கை கொடுப்பது வேறு. வறளவைப்பது முன்னது. ஆனால், பணிச்சுமையால் வரும் களைப்புக்கு மனப்பயிற்சி மருந்தாகாது. ஒருவர் பார்க்கவேண்டிய நோயாளிகளை இருமடங்காக்கிவிட்டுக் கனிவாக நடந்துகொள்ளச் சொல்வது, வாய்க்காலில் மண்ணைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று கேட்பதாகும்.

இந்த இடத்தில்தான் கடைசிக் கேள்வியும் எழுகிறது. சூழல்தான் காரணம் என்றால், உதவாதவர் மீது குற்றமே இல்லையா? தனிமனிதக் கனிவைப் பேசுவது சமூக நீதியை மறைக்கும் திரை ஆகிவிடாதா? பொறுப்பு காணாமல் போகவில்லை. அது கொஞ்சம் முன்னால் நகர்கிறது. சந்தில் நின்றபோது அந்த மாணவரின் கையில் அதிகம் இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நம் கையில் நிறைய இருக்கிறது. அடுத்தவரின் அவசரத்தில் நமக்குள்ள பங்கையும் இதே கணக்கில் எழுத வேண்டும். சாப்பாடு சுடச்சுட இத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்று ஓர் இளைஞனை இரு சக்கர வாகனத்தில் விரட்டுகிறோம். பேருந்து ஓட்டுநருக்குக் கடிகாரத்தைக் காட்டுகிறோம். மருத்துவமனைச் சீட்டு வரிசையில் உள்ளவரிடம் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்கிறோம். இப்படி ஒவ்வொருவரையும் ‘நேரமாகிவிட்டது’ என்று சொல்லப்பட்ட அந்தப் பத்து சதவீதக் குழுவுக்குள் தள்ளுகிறோம். பிறகு உலகத்தில் ஈரம் இல்லை என்று வருந்துகிறோம். ஊழியர்களுக்கு மூச்சுவிட நேரம் தரும் நிர்வாகமும், உதவுகிறவரைக் கோர்ட்டுக்கு அலையவிடாத சட்டமும், பிள்ளைகளை ஒரு மணி அடித்து முடிவதற்குள் அடுத்த மணிக்கு விரட்டாத பள்ளியும் அன்பின் உள்கட்டமைப்புகள். நீதிக்கும் கனிவுக்கும் இங்கே பகை இல்லை. இரண்டும் ஒரே வாய்க்காலைத் தூர்வாருகின்றன.

ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே தூர்வாரி முடிப்பது விவசாயியின் அறிவு. வந்த பிறகு மண்வெட்டியோடு ஓடினால் வயல் வரை எட்டாது. அன்புக்கும் அதே முறைதான். நாளை யார் எந்தத் திருப்பத்தில் நம் உதவிக்காகக் காத்திருப்பார் என்று தெரியாது. ஆனால், நாளை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பது இன்றிரவே நம் கையில் இருக்கிறது. பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறவர், வழியில் யார் முனகினாலும் கேட்கும் காதோடு கிளம்புகிறார்.